அறுபது பக்கப் புத்தகம்

லாரல் ஓடை, மேற்கு வர்ஜீனியா
மே 9, 1994

கொரின்,

என் புத்தகத்தை நீ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தபால் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த உன் பள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. தபால் தலை விற்கும் ஹேசல் உரக்கக் கேட்டாள்: "எல்டன், போன வருஷம் வரைக்கும் பன்னிரண்டு இருந்துச்சே, உன்னுது எங்கய்யா?" பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் தபால் தலை வாங்காமல் வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் ஒட்டியிருப்பது பழையது, பசை தடவி ஒட்டியிருக்கிறேன்.

பதினேழு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உன் பள்ளி நூலக மேசையில் அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்களைப் பார்த்து, கோடை விடுமுறைக்கு ஒன்றை எடுத்துப் போகிறார்கள். அதில் பன்னிரண்டாவது என்னுடையது. மற்ற பதினொன்றும் பெரிய ஊர்களில் பெரிய படிப்பு படித்தவர்கள் எழுதியவை. அவற்றில் ஒன்றிலாவது லாரல் ஓடை மூன்றாம் எண் சுரங்கம் என்ற பெயர் உண்டா? 1931 மார்ச்சில் அங்கே வெடித்து முப்பத்தொரு பேர் செத்தார்கள் என்பது உண்டா? நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பதினொரு வருடம் ஞாயிறு தவறாமல் மாவட்ட நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி அதை எழுதினேன். சுரங்கத்தில் பம்பு ஓட்டிய கை, பேனா பிடிக்கப் பழகவே இரண்டு வருடம் ஆனது.

முதல் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும். "எண்ணிச் சொன்ன என் அப்பா ஏசா ப்ரூயிட்டுக்கு." சுரங்க வாயிலில், உள்ளே போகிறவர்களுக்கு விளக்கும் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லையும் கொடுத்து வாங்கியவர் அவர். வெடித்த அன்று பலகையில் திரும்பி வராத வில்லைகளை எண்ணி, விசாரணையில் சத்தியம் செய்து, முப்பத்தொன்று என்று சொன்னவர். அந்த எண்தான் புத்தகம். நீ புத்தகத்தை எடுத்தால் அவரை எடுத்ததாகத்தான் அர்த்தம்.

வருடத்துக்கு இருபது, முப்பது பிள்ளைகள் என் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஜனாதிபதி படம் போட்ட தடித்த புத்தகத்தை இரண்டு பேர் எடுக்கிறார்கள். பிறகு எதற்காக?

போன் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன். பேசினால் காற்றோடு போய்விடும். எழுத்தில் சொல்.

எல்டன் ப்ரூயிட்


மே 14, 1994

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கே வந்தது. வகுப்புக்கு நடுவில் பிரித்துவிட்டேன், பிரித்திருக்கக் கூடாது. நூற்று நாற்பது தேர்வுத்தாள் மேசையில் கிடக்கிறது. கண் எரிகிறது. ஆனாலும் இன்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஹேசலிடம் இன்னொரு சண்டை போடுவீர்கள்.

உங்களிடம் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டேன் மாமா. ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தைப் படித்துவிட்டு, அது பதில் சொல்லாத ஒரே ஒரு கேள்வியை அட்டையில் எழுதித் தர வேண்டும் என்பது என் வகுப்பு வழக்கம். மிண்டி ஒராவெக் என்ற பெண் எழுதிய அட்டையைப் போன செப்டம்பரில் உங்களுக்கு அனுப்பினேன். ஜனவரியில் மறுபடி எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஒருவேளை தொலைந்திருக்குமோ என்று அட்டையில் இருந்ததை இங்கே எழுதுகிறேன்:

"முப்பத்தொண்ணு பேருன்னு புத்தகம் சொல்லுது. எங்க வீட்ல முப்பத்திரண்டுன்னு சொல்றாங்க. எங்க கொள்ளுத்தாத்தா ஆந்த்ரே அன்னைக்கு உள்ளே இருந்தார். ஆனா புத்தகம் நாற்பத்தொண்ணாம் பக்கத்துல அவர் டெட்ராய்ட் போயிட்டார்னு சொல்லுது. யார் சொல்றது சரி?"

பதினாறு வயதுப் பெண். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல், அடியில் கோடு போட்டு எழுதியிருந்தாள். நான் இந்தப் பிள்ளைகளிடம் வருடம் முழுக்க ஒன்றைத்தான் சொல்கிறேன்: கேளுங்கள், வரலாறு பதில் சொல்ல வேண்டும். அவள் டிசம்பர் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மேசைக்கு வந்து, "டீச்சர், அந்தத் தாத்தா எழுதினாரா?" என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பதில் சொல்லுங்கள், அடுத்த வருடமே திரும்ப வைக்கிறேன். இல்லை என்பதும் பதில்தான். காரணத்தோடு சொல்லுங்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற கணக்கை இதில் இழுக்க வேண்டாம், தயவுசெய்து.

சாப்பிடுகிறீர்களா? லொரீனா அத்தை போனதிலிருந்து டப்பாவில் அடைத்த பீன்ஸ் மட்டும்தான் என்று கேள்விப்பட்டேன்.

கொரின்


மே 17, 1994

கொரின்,

அட்டை வந்தது. ஜனவரிக் கடிதமும் வந்தது. பதில் போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதால் போடவில்லை. நீ எழுத்தில் கேட்டதால் எழுத்தில் சொல்கிறேன்.

1971 இலையுதிர் காலத்தில், என் புத்தகம் பாதி எழுதியிருந்தபோது, ஜூலியானா ஒராவெக் என்ற கிழவி இந்த வீட்டு வாசலுக்கு வந்தாள். அந்த ஆந்த்ரேயின் பெண்டாட்டி. ஐந்து மைல் நடந்து வந்திருந்தாள். கம்பி வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம்.

"எங்காளும் உள்ளதான் இருந்தார், ஐயா. பேரைச் சேத்துக்குங்க."

"வில்லை எண் என்னம்மா?"

"வில்லை குடுக்கலையே. தொழிலாளர் சங்கத்துல சேர்ந்தாருன்னு கம்பெனி அவர் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுருச்சே. எங்கண்ணன் மிகால் வில்லையிலதான் ரெண்டு பேரும் வேலை பாத்தாங்க. ரெண்டு பேர் அள்ளுன கரியும் ஒரே நம்பர்ல போச்சு."

"அப்போ ஏன் டெட்ராய்ட் போயிட்டார்னு சொன்னீங்க?"

"சொல்லலைன்னா, அண்ணன் திருட்டுத்தனமா ஆள் சேத்தாருன்னு அண்ணியைக் கம்பெனி வீட்டை விட்டுத் துரத்தியிருப்பானுங்க. அவளுக்கு அஞ்சு பிள்ளை. அண்ணன் செத்ததுக்கு ஒரு சல்லிகூடக் குடுத்திருக்க மாட்டானுங்க."

"காகிதம் ஏதாவது இருக்கா?"

"என்ன காகிதம்?"

"எழுத்துல ஏதாவது."

இல்லை என்றாள். காகிதம் இல்லாமல் நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றேன். அவளிடம் மட்டும் இல்லை. ஆளுநரின் பேரன் வந்து தன் பாட்டனார் மீட்புக்கு உதவினார் என்று சொன்னபோதும் இதையேதான் சொன்னேன். படித்தவர்கள் எழுதினால் அது வரலாறு. சுரங்கத்தில் பம்பு ஓட்டியவன் எழுதினால் கிழவன் கதை. அப்படி யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். வில்லைப் பலகை, விசாரணைப் பதிவு, செய்தித்தாள் மூன்று. எல்லாவற்றிலும் முப்பத்தொன்று. மிகால் ஹுடாக் பதினேழாவது. அவருடைய எண்பத்தெட்டாம் வில்லைக்கு ஒரு ஆள்தான்.

இருபத்து நான்கு உடல்கள் வெளியே வந்தன. மீதி ஏழு பேர் இருந்த பகுதியைத் தீ அணையவில்லை என்று சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் என்று இனிமேல் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். என் அப்பா சத்தியம் செய்து சொன்னார்.

இதுதான் பதில். அந்தப் பெண்ணிடம் காட்டு.

புத்தகம் தேர்ந்தெடுக்கும் நாள் 26ஆம் தேதி வியாழன் என்று சுவரில் போட்டிருக்கிறது. நான் நாற்பது பிரதிகளோடு வருகிறேன். உன் பதினொன்று ஒரு பக்கம் இருக்கட்டும், என்னுடையது ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

எல்டன் ப்ரூயிட்


மே 28, 1994

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தொப்பியும் புத்தகப் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. தொப்பியை நூலகத்திலேயே மறந்துவிட்டுப் போனீர்கள். மழையில் எப்படி வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரியவில்லை.

வரவேண்டாம் என்று சொல்ல இரண்டு முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று நூலகக் கதவோரம் வந்து நின்றீர்கள். தேவாலயத்துக்குப் போடும் உடுப்பு, கழுத்துப் பட்டை, முகத்தில் சவரக்கத்தி பட்ட புது வெட்டுக்காயம். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மேசை ஒன்று போட்டுக் கொடுத்தேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே கேட்டீர்கள். இருந்தாலும் நான் பதினேழு வருடம் மறைத்ததை நானே எழுதிவிட வேண்டும். பசங்க உங்கள் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "மெலிசு" என்றுதான் கேட்பார்கள். டாட்சன் வீட்டுப் பையன் உங்கள் மேசைக்கு வந்து, "இது எத்தனை பக்கம், தாத்தா?" என்று கேட்டான். அறுபது என்றீர்கள், பெருமையாக. "படம் இருக்கா?" பதினான்கு என்றீர்கள். அவன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அப்போ நாப்பத்தாறுதான். குடுங்க." பின்னால் திரும்பிக் கத்தினான். "டேய், மெலிசு வந்துருச்சுடா! இந்த வருஷம் கிடையாதுன்னாங்களே!" தடித்த புத்தகங்களைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட அவற்றை மேசையில் போட்டுவிட்டு உங்களிடம் ஓடி வந்தார்கள்.

உங்கள் முகத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு பிரதியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். கை நிற்கவே இல்லை. முப்பத்து மூன்று கொடுத்தீர்கள்.

அதனால்தான் கணக்கை இழுக்காதீர்கள் என்று எழுதினேன். முன்பே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் என்று கேட்பீர்கள், நான் எண்ணைச் சொல்வேன், அத்தை உங்களுக்கு ஒரு துண்டு கேக் அதிகமாக வைப்பாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மெலிசு என்று எடுத்தவர்களில் பாதிப் பேராவது கடைசிவரை படித்தார்கள் மாமா. அட்டைகளைப் பார்த்தால் எனக்குத் தெரியும். தடித்த புத்தகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நூலக அட்டைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண்தான் மிண்டி. அவள் எழுந்து உங்களிடம் வந்ததைப் பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் நீங்கள் தொப்பிகூட எடுக்காமல் போய்விட்டீர்கள். அவளிடம் கேட்டேன். "தாத்தாவையே கேளுங்க டீச்சர்" என்கிறாள்.

கேட்கிறேன்.

கொரின்


ஜூன் 2, 1994

கொரின்,

தொப்பியை ஹேசலிடம் கொடு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பெண் சொன்னது இதுதான். "நானும் முதல்ல மெலிசுன்னுதான் எடுத்தேன், தாத்தா. பதினேழாவது பேர் எங்க கொள்ளுப்பாட்டியோட அண்ணன். அதுக்கப்புறம் கீழ வைக்க முடியல. ரெண்டு தடவை படிச்சேன்."

நான் என் பதிலைச் சொன்னேன். காகிதம் இல்லை என்றேன்.

அவள் கேட்டாள்: "டெட்ராய்ட் போனவர் அறுபத்து மூணு வருஷத்துல ஒரு கடிதம்கூடப் போடலையே. அதுவும் ஒரு ஆதாரம் இல்லையா?"

இல்லை என்றேன். வராத கடிதம் காகிதம் ஆகாது. எத்தனையோ பேர் வீட்டை விட்டுப் போய் எழுதாமல் இருந்திருக்கிறார்கள்.

"சரி தாத்தா. அப்போ அவர் டெட்ராய்ட் போனார்ங்கறதுக்கு என்ன காகிதம் வச்சிருக்கீங்க?"

அவள் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அந்த வரிக்கு ஆதாரம் காட்டும் குறிப்பு எண் இல்லை. புத்தகம் முழுவதிலும் குறிப்பு எண் இல்லாத வரி அது ஒன்றுதான். பதினேழு வருடத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மெலிசு பற்றி இனி எழுதாதே. அச்சுக்கூலி கட்டுப்படியாகாது என்று நான்தான் நூற்றுப் பத்துப் பக்கத்தை அறுபதாகச் சுருக்கினேன். அப்படிச் சுருக்கியதால்தான் படித்தார்கள் என்றால், இருக்கட்டும்.

என் நிலை மாறவில்லை. எண்ணியவர் என் அப்பா.

எல்டன் ப்ரூயிட்


ஜூன் 21, 1994

அன்புள்ள மாமாவுக்கு,

இருபது நாளாகிறது. தொப்பி இன்னும் ஹேசலிடமே கிடக்கிறது. நீங்கள் தபாலுக்குக்கூட வருவதில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உள்ளே வானொலியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் சத்தத்தைக் குறைத்தீர்கள். "மாமா, நான்தான்" என்றேன். சத்தத்தை மறுபடி கூட்டினீர்கள். சோள ரொட்டியும் பன்றிக்கறி போட்ட பீன்ஸும் படியில் வைத்துவிட்டு வந்தேன். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம்.

நானும் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மிண்டியின் அட்டைக்காக மட்டும் உங்கள் புத்தகத்தை எடுக்கவில்லை. கல்விக் குழு பட்டியலில் ஒன்றைக் குறைக்கச் சொன்னது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் யாராவது ஒரு பெற்றோர் சண்டைக்கு நிற்கிறார்கள். இது நாட்டைக் கேவலமாகப் பேசுகிறது, அது எங்கள் ஆட்களைப் பேசவே இல்லை, இதில் கெட்ட வார்த்தை, அதில் போர் அதிகம். களைத்துப்போய்விட்டேன் மாமா. யாரைக் கோபப்படுத்தினால் எனக்குக் குறைந்த தொல்லை என்று பார்த்தேன். நீங்கள் கடிதம்தான் போடுவீர்கள், வக்கீல் வைக்க மாட்டீர்கள். அதுதான் நிஜம். மிண்டியின் அட்டை எனக்குக் கௌரவமான காரணமாகக் கிடைத்தது. இதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

எனவே நான் ஒரு வழி சொல்கிறேன். அடுத்த மே மாதம் உங்கள் புத்தகம் திரும்ப வரும். எண்ணை மாற்ற வேண்டாம், அர்ப்பணிப்பை மாற்ற வேண்டாம். மிண்டியின் கேள்வியை மட்டும் ஒரு துண்டுத்தாளில் அச்சடித்து நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வைக்கிறேன். படிக்கும் பிள்ளைகள் யோசித்துக்கொள்ளட்டும். சரி என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அத்தை மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னாள். "அந்தப் பொம்பளை வந்துட்டுப் போன அன்னைக்கு உங்க மாமா அவங்கப்பாவோட தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார்டி. எதையோ பார்த்தார். மூடினார். கட்டிலுக்கு அடியில தள்ளிட்டார். ஒரு வாரம் சாப்பாடே இறங்கல. நான் கேட்கல. கேட்டிருக்கணும்."

நான் கேட்கிறேன் மாமா. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது?

கொரின்


ஜூலை 11, 1994

கொரின்,

என் அப்பாவின் விளக்குப் புத்தகம் இருக்கிறது.

பித்தளை வில்லை கம்பெனிக் கணக்கில் பெயர் உள்ளவனுக்கு மட்டும். விளக்கு அப்பா கையால் கொடுப்பது. வில்லை இல்லாமல் ஒருவன் உள்ளே போய்விடலாம், பலகையைத் தாண்டி நடந்தால் போதும். விளக்கு இல்லாமல் போக முடியாது. இருட்டில் பத்தடி தாண்ட மாட்டான். ஒவ்வொரு காலையும் எந்த விளக்கு யாரிடம் போனது, மாலையில் திரும்பியதா என்று அப்பா பென்சிலால் எழுதி வைப்பார். வெடித்த நாளின் தாளில் திரும்பாத விளக்குகள் முப்பத்திரண்டு. கடைசி வரி, உபரி விளக்கு ஒன்று, எண் நூற்று நாற்பது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் "ஆந்த்ரே" என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. திரும்பிய நேரம் எழுத வேண்டிய கட்டம் காலி.

1971இல் அந்தக் கிழவி போனதும் அதைப் பார்த்தேன். அவள் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாலையில் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. காகிதம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். காகிதம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன்மேல் இருபத்து மூன்று வருடம் படுத்துத் தூங்கினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவள் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கம்பி வலைக் கதவைத் திறந்து அதை மட்டும் வாங்கிக்கொண்டேன், அவளை உள்ளே கூப்பிடவில்லை. லொரீனா உனக்குச் சொன்னது சரிதான், ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அப்பா ஏன் விசாரணையில் முப்பத்தொன்று என்று சத்தியம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு என்றால், கறுப்புப் பட்டியலில் இருந்தவனுக்கு விளக்கு கொடுத்தவர் என்று அவர் வேலை போயிருக்கும். மிகாலின் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவுக்கு வந்திருப்பாள். அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று பத்து நாளாக யோசித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. விசாரணை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் அவர் அசையவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தத் தாளை அவர் கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

என் விஷயம் வேறு. எனக்குப் பறிபோக வேலை ஒன்றும் இல்லை. என்னை யாரும் தெருவில் விட்டிருக்க மாட்டார்கள். அவர் தப்பாக எண்ணினார் என்று நாலு பேர் சொல்லக் கூடாது என்பதற்காக, குறிப்பு எண் போடாமல் ஒரு வரியை எழுதினேன்.

உன் துண்டுத்தாள் யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளைகளிடம் யோசிக்கச் சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. நீ என்னைக் கேட்காமல் எடுத்தது தவறு என்பதிலும் நான் மாறவில்லை. வக்கீல் வைக்க மாட்டேன் என்று எப்படித் தீர்மானித்தாய்?

இனி ஆக வேண்டியவை. யார் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். மாற்றாதே.

கொரின்: இந்தக் கடிதத்தோடு விளக்குப் புத்தகத்தை அனுப்பவில்லை, தபாலை நம்ப மாட்டேன். சனிக்கிழமை காரோடு வா. கதவைத் திறப்பேன். அதை மாவட்ட நூலகத்தில் உன் கையால் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மே மாதம் நான் கொடுத்த முப்பத்து மூன்று பிரதிகளையும் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். புதியது கொடுக்காமல் பழையதை வாங்காதே, வேறு தடித்த புத்தகத்தைத் தலையில் கட்டிவிடுவாயோ என்று பயந்துவிடுவார்கள்.

அச்சுக்காரர்: நான்கு நான்கு பக்கமாகத்தான் சேர்க்க முடியும் என்கிறார். ஆகவே அறுபத்து நான்கு. உன் பட்டியலில் அடுத்த மெலிந்த புத்தகம் நூற்று எண்பது பக்கம், பார்த்துவிட்டேன். புத்தக அட்டையில் இருக்கும் முப்பத்தொன்று முப்பத்திரண்டாக மாற வேண்டும். அர்ப்பணிப்பு அப்படியே இருக்கும். அதை எடு என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். எண்ணியவர் அவர்தான். முப்பத்திரண்டையும் எண்ணி எழுதிவைத்தார்.

மிண்டி ஒராவெக்: கூடுதல் நான்கு பக்கங்களை அவள் எழுத வேண்டும். சுருக்கமாக எழுதச் சொல். ஆந்த்ரே எந்த ஊரில் பிறந்தார், எப்படிச் சிரிப்பார், வீட்டில் என்ன சொல்லிக்கொள்கிறார்கள், எல்லாம் எழுதலாம். இதற்கெல்லாம் காகிதம் கேட்க மாட்டேன். அவள் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

மாவட்ட நிர்வாகம்: நீதிமன்ற வாசலில் இருக்கும் நினைவுக்கல்லில் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். 1976இல் என் பட்டியலைப் பார்த்துத்தான் முப்பத்தொரு பெயரைச் செதுக்கினார்கள். இன்னொன்றைச் செதுக்கச் சொல்லி நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன். மறுத்தால் வக்கீல் வைப்பேன்.

ஹேசல்: என் தொப்பியைக் கொடுத்துவிட வேண்டும்.

நான்: ஜூலியானாவின் மகள் இன்னும் இருக்கிறாள், எண்பது நெருங்குகிறது. மிண்டியின் வீட்டில்தான் இருக்கிறாளாம். அங்கே நான் போக வேண்டும். உன் கார் வேண்டாம், அவள் அம்மா நடந்த ஐந்து மைலை நானும் நடந்தே போக வேண்டும். கையில் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார வேண்டும். கூப்பிடாவிட்டால், கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, அவள் அம்மா சொன்னது சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

எல்டன் ப்ரூயிட்